இறங்காத கை

கை மேலே போய்விட்டது. இறங்கத்தான் மாட்டேன் என்றது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர், மூடிய கண்ணைத் திறக்காமலே இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. தோள்பட்டைக்குள் எதுவோ எதன் மீதோ ஏறி உட்கார்ந்துகொண்டு, நீயா நானா என்றது. ஆலயத்தில் முந்நூறு பேர் தலைகுனிந்து கண்மூடி இருந்தார்கள். பக்கத்து ஆளின் மூச்சுச் சத்தம் கேட்கும் அமைதி. மேடையில் நின்ற வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். வம்பே அங்கேதான்.

அது கைதூக்கும் நேரம். பிரசங்கம் முடிந்ததும் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். பிரசங்கியார் ஒவ்வொரு காரியமாகச் சொல்வார். தனக்குப் பொருந்துகிறவர் கையை உயர்த்த வேண்டும். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. முதல் அழைப்பு உடம்பில் நோவு உள்ளவர்களுக்கு. கண்ணாடிக்காரருக்கு மூன்று மாதமாக வலது தோளில் இறுக்கம். தலை வார முடியாது. சட்டை மாட்ட மனைவி வர வேண்டும். மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி எதற்கும் மசியாத அந்தக் கை, அன்று என்ன நினைத்ததோ, வலிக்காமல் நேராக மேலே போயிற்று. அவருக்கே புல்லரித்துவிட்டது. ஆனால் அற்புதம் ஒருவழிப் பாதையாக இருந்தது. மற்ற கைகள் எல்லாம் இறங்கின. இவருடையது நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பிரசங்கியார் கடைசி அழைப்பைக் கொடுத்தார்.

"நித்திய ஜீவன் போதும், என் கையில இருக்கற ஆஸ்தி எல்லாத்தையும் விட்டுக்கொடுக்கறேன்னு சொல்ல யாராவது ஒருத்தர் இருக்கீங்களா? இந்த ஆலயத்துக்குப் பின்னால முதியோர் காப்பகம் கூரை இல்லாம நிக்குது. எல்லாத்தையும் வித்து ஏழைங்களுக்குக் குடுன்னு இயேசு சொன்னப்போ, அந்தப் பணக்கார வாலிபன் சொத்து நெறைய இருந்ததால முகம் வாடித் திரும்பிப் போனான். நீங்களும் திரும்பிப் போயிடுவீங்களா? மனசுல உறுதி உள்ளவங்க மட்டும் கையை உயர்த்துங்க."

கண்ணாடிக்காரர் இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துத் தொங்கினார். ம்ஹூம்.

"ஒரு கரம்!" பிரசங்கியாரின் குரல் நடுங்கியது. "ஒரே ஒரு கரத்தைக் காண்கிறேன். அந்தக் கரத்தைத் தேவனும் பாத்துட்டாரு! ஆமென்!"

முந்நூறு பேரும் ஆமென் என்றார்கள். அந்தச் சத்தத்தில் தோள் 'களுக்' என்றது. கை தொப்பென்று மடியில் வந்து விழுந்தது, ஒன்றும் தெரியாத குழந்தை போல.

அவர் எப்போதும் உட்காருவது மூன்றாவது தூணுக்குப் பின்னால். நீளமான பிரசங்கங்களுக்கு அது வசதி. பதினெட்டு வருடமாக அவருடைய தூக்கத்தை மறைத்துக் காப்பாற்றிய தூண், இன்று காலை வாரிவிட்டதே என்று அதை முறைத்துப் பார்த்தார்.

வேறு எந்த ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அவர் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். விட்டுக்கொடுக்க அவரிடம் என்ன இருந்தது? வாடகைக் கடை, கண் பரிசோதிக்கும் பழைய இயந்திரம் ஒன்று, சுவர் நிறைய மூக்குக்கண்ணாடிகள். அவ்வளவுதான். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை மூலைக்கடை அவர் கைக்கு வருகிறது. இரண்டு தெருவும் பார்க்கிற கடை. பதினெட்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போகும்போது நடையை மெதுவாக்கிக்கொள்கிற கடை. மனைவியின் அப்பா விட்டுப் போன நிலத்தை விற்ற பணம், மனைவி பெயரில் வங்கியில் அப்படியே இருக்கிறது. முன்பணம் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. பெயர்ப்பலகைக்கு எழுத்துகூடத் தேர்ந்தெடுத்தாயிற்று.

அதை இப்போது தூக்கிக் கொடுக்க வேண்டுமா? ஒரு தோள்வலிக்காகவா?

'யாருக்குத் தெரியும்? எல்லாரும் கண்ணை மூடிட்டுத்தானே இருந்தாங்க. அந்த ஆளும் இன்னைக்கே ஊருக்குப் போயிடுவாரு' என்று மனதைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து மனைவியும் வந்து சேர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. அவள் பிரசங்கம் கேட்டு அழுவது வழக்கம்தான்.

வாசலில் பிரசங்கியார் காரில் ஏறப்போனவர், இவர்களைக் கண்டதும் நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

"உங்க வீடு பாக்கியம் பெற்ற வீடு" என்றார். கார் போய்விட்டது.

கண்ணாடிக்காரர் மனைவியோடு வேகமாகத் தெருப்பக்கம் நடக்கப் பார்த்தார். பக்கத்தில் பாஸ்டர் வேறு வந்து நின்றார். இளம் பாஸ்டர், சாதுவான மனிதர். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் சுற்றியிருக்கும்.

"பிரதர், செவ்வாய்க்கிழமை காலைல வீட்டுக்கு வரலாமா?"

"செவ்வாய்க்கிழமை நான் கடையில இருப்பேனே பாஸ்டர். வீட்ல இருக்க மாட்டேனே."

"அப்படியா? அது இன்னும் நல்லதாப் போச்சு" என்றார் பாஸ்டர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

*

திங்கட்கிழமை சாப்பிடும்போது மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, சொந்தக் கடை இல்லாட்டி நமக்குப் பொழப்பு ஓடாதா?"

கண்ணாடிக்காரருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தார். இன்னொரு தம்ளரும் குடித்தார்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரு என்ன சொல்லப் போறா? சும்மா தோணுச்சு, கேட்டேன்."

"சும்மாவெல்லாம் இப்படித் தோணக் கூடாதும்மா. கடை உன் பேர்லயும் என் பேர்லயும்தானே வருது? வயசான காலத்துல நமக்கு என்ன இருக்கு? பிள்ளையா குட்டியா? அந்தக் கடைதான் பிள்ளை."

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா கடைசி நாள்ல ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பகூட, 'நெலத்துக்கு வேலி போட்டாச்சா'ன்னுதான் கேட்டாரு. நான் பக்கத்துலயே நின்னேன். என்னைப் பாத்து 'நீ யாரு'ன்னாரு. நெலம் ஞாபகம் இருந்துச்சு, நான் இல்ல."

"அதுக்கென்ன இப்போ? பழசை எல்லாம் கிளறாத. சோறு போடு."

போட்டாள். அவர் சாப்பிடுகிற சாக்கில் அடுத்த அடியை யோசித்தார். பாஸ்டர் நாளை வீட்டுக்கு வந்து இவளிடம் உடைத்துவிட்டால்? 'உங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் கொடுக்கறேன்னு கை தூக்கிட்டாரும்மா' என்று சொல்லிவிட்டால்? இவள் அப்பாவி, பாஸ்டர் சொன்னால் வேதவாக்கு. உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடுவாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை, 'பத்து நிமிடத்தில் வருவேன்' என்ற அட்டையைக் கடை வாசலில் மாட்டிவிட்டு, கண்ணாடிக்காரர் பின்வாசல் வழியாகத் தம் சொந்த வீட்டுக்குள் திருடனைப் போல் நுழைந்தார். அடுப்பில் பால் இருந்தது. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு திரைதான். அதன் பின்னால் போய் நின்றார்.

பாஸ்டர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார்.

"மறைச்சு வைக்கறது சரியில்ல சிஸ்டர். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சொல்லிடணும். பதிவு முடிஞ்சுட்டா அப்புறம் எல்லாருக்கும் சங்கடம்."

"அவர் தாங்குவாரான்னுதான் பயமா இருக்கு பாஸ்டர்" என்றாள் மனைவி. "அந்தக் கடை மேல உசுரையே வச்சிருக்காரு."

பாஸ்டர் இவளிடம் உடைத்துவிட்டார்! இனிச் சபையிலும் எழுந்து நின்று சொல்லப்போகிறார்களா! ஆனால் அந்தப் பயத்திலும் மனைவியை நினைத்து உருகினார். பாவம், எனக்காக எப்படி வாதாடுகிறாள்!

"நான் சொல்லட்டுமா?" என்றார் பாஸ்டர்.

"வேண்டாம் பாஸ்டர், ரெண்டு நாள் பொறுங்க. நான் ஆண்டவர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டிருக்கேன்."

அப்போதுதான் பின்னால் 'புஸ்ஸ்' என்றது. பால் விளிம்புக்கு வந்துவிட்டது. அணைக்காவிட்டால் பொங்கி வழியும். மனைவி ஓடி வருவாள். திரைக்குப் பின்னால் புருஷன் நிற்பான். கண்ணாடிக்காரர் பாய்ந்து குமிழைத் திருகப் போனார். அவசரத்தில் வலது கையை நீட்டிவிட்டார். தோள் பாதி வழியில் பிடித்துக்கொண்டது. பால் பாத்திரத்தின் விளிம்பில் வழியத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் குமிழைத் திருகினார். அடுப்பு அணைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஐயோ, பாலு!" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

அவள் திரையை விலக்கியபோது கண்ணாடிக்காரர் பின்வாசலைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குக் கீழே குனிந்து ஓடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனைவியின் முகம் பளிச்சென்று இருந்தது.

"இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சுங்க. அடுப்புல பால வச்சுட்டு மறந்துட்டேன். ஓடிப் போய்ப் பாத்தா அடுப்பு தானா அணைஞ்சிருக்கு! வீட்ல ஆள் யாரும் இல்ல. நான் ஒரு அடையாளம் கேட்டிருந்தேன். கெடச்சுடுச்சு."

"கே... கேஸ் தீந்திருக்கும்."

"போன வாரந்தானே மாத்துனோம்? பாஸ்டரே மலைச்சுப் போயிட்டாரு."

"பாஸ்டர் வந்தாரா? எதுக்கு?" என்று ரொம்ப அப்பாவியாகக் கேட்டார்.

"ஜெபம் பண்ணிட்டுப் போனாரு" என்றாள் அவள், அவரைப் பார்க்காமல்.

பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் அவரிடம் எதையும் மறைத்ததில்லை. இன்று மறைக்கிறாள். கோபத்தை அடக்கி வைத்திருக்கிறாள் என்று அவர் புரிந்துகொண்டார். என்ன அடையாளம் கேட்டாய் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தம் தோள் குணமாகுமா என்பதற்கான அடையாளமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டார்.

*

இதற்கு ஒரே வழி, பாஸ்டரைக் கொஞ்சம் குளிரவைப்பது என்று புதன்கிழமை முடிவுசெய்தார். மொத்தத்தையும் கேட்கிறவர்களுக்குச் சில்லறையாக ஏதாவது கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்பது அவர் எண்ணம். வியாபாரி இல்லையா? கடையிலேயே விலை கூடிய கண்ணாடிச் சட்டம் ஒன்றை எடுத்தார். பாஸ்டருடைய கண்ணின் அளவு அவரிடம் எழுதி வைத்திருந்தது. மதியத்துக்குள் தயார்செய்து, நேரே அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பாஸ்டர் அதை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தம் கைவிரல்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்தார்.

"பிரதர்... உங்ககிட்டயும் பேசிட்டாரா?"

"யாரு?"

"கர்த்தர்."

"பேச்செல்லாம் ஒண்ணும் இல்ல பாஸ்டர். கண்ணாடி மட்டும்தான். வேற ஒண்ணும் இல்ல. இதோட முடிஞ்சுது."

"இப்படித்தான் ஆரம்பிக்கும் பிரதர்" என்று பாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்; நல்லவேளை, இடது கை. "காப்பகத்துல சேர்க்கறதுக்காக வந்து, ஞாயிறு பள்ளி அறையில படுத்துக்கெடக்கறாங்களே, அவங்கள்ல பாதிப் பேருக்குக் கண்ணு மங்கல்..."

"ஒண்ணு ரெண்டு பேர அனுப்பி வைங்க, பாத்துடலாம்" என்று கண்ணாடிக்காரரின் வாய் சொல்லிவிட்டது. அந்த வாரம் அவருடைய கை ஒருபக்கம், வாய் ஒருபக்கம் என்று ஆளுக்கொரு தீர்மானத்தில் இருந்தன.

ஒன்றிரண்டு பேர் என்றால் பாஸ்டர் ஊரில் என்ன கணக்கோ! வியாழக்கிழமை காலை கடையைத் திறக்கப் போனால், வாசலிலிருந்து மூலைவரைக்கும் பத்தொன்பது கிழவர்களும் கிழவிகளும் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவர் பழைய லாரி ஓட்டுநர்.

"அந்தப் பலகையில மேல இருக்கற பெரிய எழுத்து தெரியுதா பெரியவரே?"

"பலகை எங்க இருக்கு?"

"எத்தனை வருஷமா இப்படி?"

"ஏழெட்டு வருஷம் இருக்கும்."

"வண்டி ஓட்டறத எப்ப விட்டீங்க?"

"போன வருஷம்."

கண்ணாடிக்காரர் அவசரமாக லென்ஸை மாற்றினார். அடுத்து ஒரு கிழவி. கண்ணாடியை மாட்டியதும் கண்ணாடிக்காரரின் முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தாள்.

"அடக் கடவுளே, நீ இவ்ளோ வயசானவனா? கொரலக் கேட்டு எளவட்டம்னு நெனச்சில்ல வாழ்த்திட்டிருந்தேன்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. கண்ணாடிக்காரரும் சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. மதியம்வரை குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார், பசி தெரியவில்லை, தோள்கூட அவ்வளவாக வலிக்கவில்லை. ஒவ்வொருவரும் தெருவில் இறங்கி, எதிர்க் கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டுப் போனார்கள். அதைப் பார்க்க அவருக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. இதென்ன சந்தோஷம், ஆபத்தான சந்தோஷமாக இருக்கிறதே என்று பயந்துபோய், கடைசி ஆளை அனுப்பியதும் கதவைச் சாத்தினார்.

சாத்திய கதவைத் தட்டிக்கொண்டு சிமெண்ட் வியாபாரி வந்தார். மூலைக்கடைக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

"என்ன சார், காலைலேருந்து உங்க கடையில திருவிழாக் கூட்டம்! எதிர்ல இருக்கற மருந்துக்கடைக்காரர் பாத்துட்டாரு. இந்தப் பக்கம் இவ்ளோ வியாபாரம் இருக்கான்னு, மூலைக்கடை எனக்குத்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. நீங்க சொன்னதுக்கு மேல தர்றேங்கறாரு."

"அது வியாபாரம் இல்ல சார், அத்தனையும் இலவசம்!"

"இலவசமா?" சிமெண்ட் வியாபாரி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "அப்போ கடை வாங்கப் பணம்?"

"இருக்கு சார், இருக்கு! பேங்க்ல அப்படியே இருக்கு!"

"எனக்கு எதுவும் சரியாப் படல. நான் வாக்குத் தவற மாட்டேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பத்திர ஆபீஸ்ல செக்கோட நில்லுங்க. பத்து அஞ்சுக்கு வந்தீங்கன்னா நான் மருந்துக்கடைக்காரரோட உள்ள இருப்பேன்."

*

சாயங்காலம் ஐந்தரை மணி. கண்ணாடிக்காரர் மேசைமேல் காசோலைப் புத்தகத்தை விரித்து வைத்தார். பக்கத்தில் பேனாவை வைத்தார். மூடியையும் கழற்றி வைத்தார்.

"ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா. காலைல நேரம் இருக்காது."

"பாஸ்டர் வரேன்னிருக்காருங்க. அவர் வந்ததும் போடறேன்."

"செக்குல கையெழுத்துப் போடறதுக்கு எதுக்குப் பாஸ்டர்?"

"வரட்டுங்களேன்" என்றாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பாஸ்டர் வந்துவிட்டார். புதுக்கண்ணாடியோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மனைவி, "டீ எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள். திரை அசைந்து நின்றது. பாஸ்டர் மேசையிலிருந்த காசோலையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"பிரதர், ஒரு விஷயம் பேசணும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததப் பத்தி. எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"நீங்க சொல்லவே வேண்டாம் பாஸ்டர்! நானே சொல்லிடறேன்!"

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான்கு நாளாக அடைத்து வைத்திருந்தது மொத்தமும் வாய்க்கு வந்தது.

"நான் கை தூக்கினது வாஸ்தவம். ஆனா ஆஸ்திக்காகத் தூக்கல. தோள்வலிக்குத் தூக்குனது. போன கை இறங்கல. பிடிச்சுட்டு நின்னுடுச்சு. அவர் பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு. நான் என்ன பண்ணுவேன்? எந்திரிச்சு, ஐயா இது போன கேள்விக்குத் தூக்கின கைன்னு சொல்ல முடியுமா?"

பாஸ்டர் குறுக்கே கை நீட்டினார். கண்ணாடிக்காரர் நிறுத்தவில்லை.

"நான் கெட்டவன் இல்ல பாஸ்டர். ஆனா அவ்ளோ நல்லவனும் இல்ல. எல்லாத்தையும் குடுக்கற ஆளு நான் இல்ல. நித்திய ஜீவன் வேணும். கண்டிப்பா வேணும். ஆனா எனக்கு அந்தக் கடையும் வேணும். பதினெட்டு வருஷம் அது வழியாப் போயிட்டு வந்திருக்கேன். அந்த வாலிபன் முகம் வாடித் திரும்பிப் போனான்னு படிக்கறப்பல்லாம், போடா முட்டாள்னு நெனப்பேன். இந்த வாரம் அவன் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஆயிட்டான். ராத்திரி தூக்கம் இல்ல. இன்னைக்குக் காலைல அந்தக் கெழவங்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டப்போ மனசு எப்படி இருந்துச்சு தெரியுமா? அதுவே எனக்குப் பயமாப் போச்சு. இப்படியே போனா நெசமாவே எல்லாத்தையும் குடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு!"

மூச்சு வாங்கியது. அவருக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

"பொய்யாத் தூக்கின கைய மெய்ன்னு நம்பவிட்டுட்டு, நாலு நாளா வாயத் திறக்காம இருந்தேன். அது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனைன்னாலும் சரி. ஆனா அந்த வாக்குலேருந்து மட்டும் எனக்கு விடுதலை வாங்கிக் குடுத்துடுங்க. பாவம், அவ மேல ஒரு தப்பும் இல்ல. எனக்காக உங்ககிட்ட மன்னாடிட்டிருக்கா. அவளையும் இதுல இழுக்காதீங்க. எல்லாம் அந்த ஒத்தக் கை பண்ணின வேலை!"

பாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் திரும்பினார்.

மனைவி தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ! மெல்ல வந்து, காசோலைப் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தட்டை மேசைமேல் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பிரசங்கியார் பாத்த அந்த ஒத்தக் கை தூணுக்குப் பின்னால இருந்த உங்களோடது இல்லங்க, என்னோடது; அத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குச் சொல்லிக்குடுக்கத்தான் பாஸ்டர் இந்த வாரம் பூரா வந்துட்டுப் போறாரு."